கல் நடும் முன் ஊரைக் கேள்!

உழவர் பெருமக்களே!

காலையில் வயலுக்குப் போனால் வரப்போரம் பெயிண்ட் அடித்த கல் நிற்கும். "என்னய்யா இது?" என்றால், "டவர் வருதுங்க, பெரிய லைன்" என்பார் சர்வே செய்ய வந்தவர். எங்கிருந்து எங்கே போகிறது, யார் நிலத்தில் எத்தனை டவர் என்று கேட்டால், "எங்களுக்குத் தெரியாது, ஆபீசுல கேளுங்க." உயர் அழுத்த மின்பாதை போன ஊர்களிலெல்லாம் இதே கதைதான்.

காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் நாம் எதிரி அல்ல. செய்யூரில் 4000 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம், பனையூர் கரையில் அதற்கொரு துறைமுகம் என்று திட்டம் போட்டபோது, ஏரியும் கழிவெளியும் சாம்பலாகிவிடும் என்று எதிர்த்து நின்றவர்கள் இந்த வட்டாரத்து மக்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நிலக்கரி வேண்டாம் என்ற நாம் வெயிலும் காற்றும் வேண்டாம் என்று சொல்லமாட்டோம். தெற்கே கயத்தாற்றிலும் கமுதியிலும் உற்பத்தியாகும் மின்சாரம் நகரங்களுக்குப் போகக் கம்பி வேண்டும்தான். ஆனால் அந்தப் பாரத்தை ஒரு ஏக்கர், அரை ஏக்கர்காரன் தலையில் மட்டும் இறக்குவது என்ன நியாயம்?

சட்டத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நட 1885-ல் போட்ட இந்தியத் தந்திச் சட்டம். அதன் அதிகாரத்தை 2003 மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு வழியாக மின்பாதை போடுகிறவர்களுக்குக் கொடுக்கலாம். நிலத்தை அவர்கள் வாங்குவதில்லை. பட்டா நம் பெயரில், வரி கட்டுவது நாம், பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு! தடுத்தால் கலெக்டர் உத்தரவு போடுவார். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 2013 நில எடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இங்கே நேராக உதவாது. அதன் நான்காம் அட்டவணையில் மின்சாரச் சட்டத்துக்கு விலக்கு கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது கணக்கு. 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலம் வேண்டும். சதுரமான ஒரு ஏக்கர் நிலம் பக்கத்துக்குச் சுமார் 64 மீட்டர். நடுவே கம்பி போனால் 72 சென்ட் அதற்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அங்கே சவுக்கு போட முடியாது, தென்னை வைக்க முடியாது, போர் போட வண்டியை நிறுத்த முடியாது, வீடு கட்ட முடியாது. நம் பக்கம் சவுக்குதானே பெண் கல்யாணத்துக்கும் பிள்ளை படிப்புக்கும் கைகொடுக்கும் பயிர்? பாங்கிக்காரரும் அந்த நிலத்தைப் பார்த்தால் முகம் சுளிப்பார்.

மத்திய மின் அமைச்சகம் 2015-ல் சொன்னது: டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்கு அடியில் உள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை மாற்றி, டவர் இடத்துக்கு 200 சதவீதம், கிராமங்களில் கம்பிக்கு அடியில் 30 சதவீதம் என்றது. இந்த உயர்வு யாரும் இரங்கிக் கொடுத்தது அல்ல. கோவை, திருப்பூர், ஈரோடு விவசாயிகள் 2018-ல் ராய்கர்–புகளூர் பாதைக்கு எதிராக உண்ணாவிரதம் கிடந்ததைப் போல, ஊர் ஊராகப் போராடியதன் பலன். ஆனால் இது வழிகாட்டுதல் மட்டுமே. மாநில அரசு ஏற்று நடத்தினால்தான் நம் கைக்குக் காசு வரும். ஏக்கர் 10 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 72 சென்டுக்கு 30 சதவீதம் 2 லட்சத்து 16 ஆயிரம். பத்திர ஆபீஸ் மதிப்பு 3 லட்சம் என்று பிடித்தால் வெறும் 64,800. எந்த மதிப்பு என்பதில்தான் வயிற்றில் அடிக்கிறார்கள்.

பூமிக்கடியில் போடு என்றால் முடியாது என்கிறார்கள். புகளூரிலிருந்து திருச்சூர் போகும் பாதையில் கேரளப் பக்கம் ஒரு பகுதியைக் கேபிளாகப் புதைத்துத்தானே போட்டார்கள்? செலவு கூடும், எல்லா இடத்திலும் ஆகாது, ஒத்துக்கொள்கிறோம். சாலையோரமாகப் போக முடிகிற இடத்திலாவது போகலாமே.

எனவே கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். பாதை வரைபடம் சர்வே எண் வாரியாக ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே ஒட்டப்பட வேண்டும். சந்தை மதிப்பில் கணக்கிட்ட முழுத் தொகை கையில் வந்த பிறகே குழி தோண்ட வேண்டும். கம்பி இருக்கும் காலம் வரை ஆண்டு வாடகை வேண்டும். சம்பா நிற்கும்போது வண்டி இறக்கக் கூடாது. உடைத்த வரப்பையும் வாய்க்காலையும் அவர்களே கட்டித் தர வேண்டும். சோலார் வந்தால் ஏரி நீர்ப்பிடிப்பையும் மேய்ச்சல் புறம்போக்கையும் தொடக் கூடாது. நம் தலைக்கு மேல் ஓடும் மின்சாரத்தில் நம் மோட்டாருக்குப் பகலில் தடையில்லாத மும்முனை மின்சாரம் வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 — ஆண்டுக்கு ஆறு கிராம சபை. டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுத் திரும்பாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு, வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கல் நட்ட ஊர்க்காரர்கள் பட்டா, சிட்டா, அடங்கல் நகலும், நிற்கும் மரங்கள், கிணறு, போர் இவற்றின் கணக்கும் எழுதி எடுத்து வாருங்கள். வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் கைநாட்டு வைக்காதீர்கள்.