வாசிக்க மேடை வேண்டாம், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். வகுப்பில் உங்களைக் கோபப்படுத்தாமலா பாடம் நடத்தினேன்?

நான் புல்லாங்குழல் வாசிப்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. மாணவர்கள், "எப்போ சார் கச்சேரி?" சொந்தக்காரர்கள், "எந்தச் சபாவில் மாமா?" மரியாதைக்காகத்தான் கேட்கிறீர்கள். ஆனால் இந்தக் கேள்விதான் நம் வீடுகளில் பாட்டையும் வாத்தியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறது என்பது என் கட்சி.

யோசித்துப் பாருங்கள். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் காலையில் நடக்கிறவரைப் பார்த்து "எப்போ ஒலிம்பிக்?" என்று யாராவது கேட்கிறோமா? நன்றாகச் சாம்பார் வைக்கிற அத்தையிடம் "எப்போ ஓட்டல் திறக்கிறீங்க?" என்று கேட்கிறோமா? தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பையன் ஆடுகிறான், அவ்வளவுதான். பாட்டுக்கு மட்டும் ஏன் இந்த விதி? கற்றுக்கொண்டால் மேடை ஏற வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டும்.

பரண் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கீபோர்டு இருக்கிறதா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். நான் போய்வந்த வீடுகளில் பாதியில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் வாங்கியது, பத்தாம் வகுப்பில் மேலே ஏறியது. நாலு வருடம் கிளாஸுக்குப் போன பிள்ளை, இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து ஒரு பாட்டுக்கூட வாசித்ததில்லை. தனியாகக் கற்று, தனியாகப் பரீட்சை எழுதி, தனியாகவே விட்டுவிட்டது. அதை யாரும் நஷ்டம் என்று எழுதி வைப்பதில்லை.

சரி, என்னைப் போல் பொழுதுபோக்காக வாசிக்கிற ஒருவர், கூச்ச சுபாவம் உள்ளவர், கூட வாசிக்க ஆள் தேடினால் என்ன நடக்கிறது? சொல்கிறேன். ஒரு மெல்லிசைக் குழுவில் கேட்டேன். பெயர் வேண்டாம். "மேடை அனுபவம் எத்தனை வருஷம் சார்? வீடியோ இருந்தா அனுப்புங்க" என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அது அவர்கள் பிழைப்பு. கல்யாண வீட்டில் காசு வாங்கிக்கொண்டு என்னை வைத்துத் தடுமாற முடியாது. இன்னொரு விழாவில் பத்து நிமிடம் தருகிறோம் என்றார்கள், கூடவே நன்கொடை எவ்வளவு என்றும் சொன்னார்கள். நான் கேட்டது கூட்டாளி. அவர்கள் விற்றது மேடை.

மூன்றாவது வழி கரோக்கி. இதைப் பற்றித்தான் சண்டை போட வேண்டும், ஏனென்றால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவே இப்போது கரோக்கி மன்றமாகிவிட்டது. கரோக்கி என்ற ஜப்பானியச் சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா? 'காரா' என்றால் வெறுமை, 'ஓகே' என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்பதன் சுருக்கம். ஆளில்லாத வாத்தியக் குழு! 1971-இல் கோபே நகரத்தில் இனோவே டைசுகே என்பவர் அந்த இயந்திரத்தை உருவாக்கினார். அவரே வாத்தியக்காரர். கடைக்கு வருகிறவர்கள் பாட, கூட வாசிப்பதுதான் அவர் வேலை. தான் போக முடியாத இடத்துக்குத் தன் வாசிப்பைப் பதிவுசெய்து கொடுத்ததில்தான் அந்த யோசனை பிறந்தது. ஆள் வர முடியாதபோது வைத்த மாற்றுதான் அது. நாம் ஆள் இருக்கும்போதே மாற்றை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பாடுகிறவர்களைக் கேலி செய்யவில்லை. அறுபது வயதுக்கு மேல் வாய்திறந்து பாடுவதே பெரிய விஷயம். ஆனால் அந்த இயந்திரம் உங்களுக்காக நிற்காது. நீங்கள் மூச்சு வாங்கினால் காத்திருக்காது. நீங்கள் ஒரு சங்கதியைப் புதிதாகப் போட்டால் "பலே" என்று தலையாட்டாது. நான் தனியாக வாசிக்கும்போது கஷ்டமான இடத்தில் வேகம் குறைகிறது, சுலபமான இடத்தில் ஓடுகிறது. எனக்கே தெரியாது. பக்கத்தில் ஒருவர் தொடையில் தாளம் போட்டால் ஒரே ஆவர்த்தனத்தில் தெரிந்துவிடும். காலப்பிரமாணம் என்பது இன்னொரு மனிதரிடமிருந்து வருகிற பாடம்.

"கூச்சமா? முப்பத்து நாலு வருஷம் வகுப்பெடுத்த உங்களுக்கா?" என்று சிரிப்பீர்கள். வகுப்பில் நிற்கும்போது எனக்குத் தெரிந்ததை உங்களுக்குச் சொன்னேன், அவ்வளவுதான். குழலை எடுத்தால் வெளியே வருவது என் மூச்சு. நடுங்கினால் நடுக்கம் அப்படியே கேட்கும்.

கூச்சம் என்பது தைரியக் குறைவு என்று சொல்கிறவர்கள் வாய்ப்பாடு சொன்ன வகுப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். எழுந்து நின்று தனியாக ஏழாம் வாய்ப்பாடு சொல் என்றால் வாயே திறக்காத பிள்ளைகள் இருந்தார்கள். வகுப்பே சேர்ந்து கூவும்போது அதே பிள்ளைகளின் குரல்தான் கூரையைப் பிளக்கும். ஒரு மாதம் அப்படிக் கூவியபின் அவர்கள் தனியாகவும் சொல்லிவிடுவார்கள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தில் எனக்கு எத்தனையோ முறைகள் கற்றுக்கொடுத்தார்கள், இதைவிட உறுதியானதை நான் கண்டதில்லை. கூட்டம் முதலில், தனி பிறகு. நம் இசை உலகம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. முதலில் தனியாக நின்று நிரூபி, பிறகு சேர்த்துக்கொள்கிறோம் என்கிறது.

இத்தனைக்கும் நம்மிடமே வேறு வழி இருக்கிறது. திருவையாற்றைப் பாருங்கள். தியாகராஜர் மறைந்தது 1847. ஒவ்வொரு ஆண்டும் புஷ்ய பகுள பஞ்சமியன்று நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து கிருதிகளையும் எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். முன்னால் பிரபலங்கள், காமிராக்கள் எல்லாம் உண்டு. ஆனால் பின்வரிசையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடுகிறவரை யாரும் "எந்தச் சபா?" என்று கேட்பதில்லை. பஞ்சரத்தினத்துக்கு முன்னால் குழல்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து 'சேதுலாரா' கீர்த்தனை வாசிப்பது வழக்கம்.

அந்தக் கதவும் தானாகத் திறக்கவில்லை. ஒரு காலத்தில் அங்கே பெண்கள் பாட அனுமதி இல்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1920-களில் தன் சொந்தப் பணத்தில் சமாதியைக் கட்டினார். கட்டிய அவரையே பாடவிடவில்லை. அவர் தனியாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் கட்சிகள் ஒன்றாயின. அதன் பிறகே இந்தச் சேர்ந்து பாடும் முறை நிலைபெற்றது. தெருவுக்குத் தெரு பஜனை இருந்த காலத்தைப் பொற்காலம் என்று சொல்கிறவர்களும் இதை மறக்கக் கூடாது. பல பஜனைக் கூடங்களில் வாசலிலேயே சாதி நின்றது. பறையை இழிவு என்று ஒதுக்கினோம். இன்று சென்னையில் இளைஞர்கள் வட்டமாக நின்று பறை கற்கிறார்கள். ஓர் அடி தப்பினாலும் பக்கத்தில் இருப்பவரின் அடி தாங்கிக்கொள்கிறது. தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்த என் மாணவர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். கூச்சப்பட்டவர்கள்தான். ஆனால் ஞாயிறுதோறும் பாடினார்கள்.

வெளிநாட்டு உதாரணம்தான் எடுபடும் என்பவர்களுக்கு ஒன்று. அயர்லாந்தில் 'செஷன்' என்று ஒரு வழக்கம். மதுக்கடை மூலையில் பிடில், குழல், அக்கார்டியன்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். முகம் கூட்டத்தைப் பார்த்து இருக்காது, ஒருவரையொருவர் பார்த்து இருக்கும். புதிதாக வந்தவர் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பார். தெரிந்த மெட்டு வந்தால் சேர்ந்துகொள்வார், தெரியாவிட்டால் சும்மா இருப்பார். கடையைக் கழித்துவிட்டு அந்த வட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊருக்கு டிகாஷன் காபி போதும்.

"அபஸ்வரம் வந்தால்?" வரும். வந்தால் என்ன? பத்துப் பேர் ஒரே சுவரம் வாசிக்கும்போது ஒருவர் பிசகினால் அவருக்குத்தான் முதலில் தெரியும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. "அக்கம்பக்கத்தில் தொந்தரவு?" ஆடி மாதம் முழுக்க நம் தெருவில் கட்டுகிற ஒலிபெருக்கியைத் தாங்கிக்கொள்கிற காதுகள், நாலு குழலையும் ஒரு வயலினையும் தாங்காதா?

பள்ளிக்கூடத்தையும் விட மாட்டேன். அரசு 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. உடற்கல்வி, ஓவியம், தையல் என்ற வரிசையில் இசையும் உண்டு. அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடும் வழக்கத்தையும் நீங்களே அனுபவித்திருப்பீர்கள். சேர்ந்து பாடியே பழகாத பிள்ளை, ஐம்பது வயதில் கூட வாசிக்க ஆளில்லையே என்று தவிப்பதில் என்ன ஆச்சரியம்?

என் பழைய மாணவர் ஒருவர், வயது நாற்பதைத் தாண்டியவர், போன மாதம் போனில் சொன்னார்: "மிருதங்கத்தைத் தொட்டுப் பதினைந்து வருஷம் ஆச்சு சார். யாருக்கு வாசிக்கிறது?" அவர் "யாருக்கு" என்றது எனக்கு உறைத்தது. "யாரோடு" என்று கேட்கக்கூட நாம் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆகவே பேச்சோடு நிறுத்தாமல் ஒரு காரியம். இந்த ஞாயிறு முதல், சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை, எங்கள் வீட்டு மொட்டைமாடி. விதிகள் நாலே நாலு.

1. போனில் பதிவு கிடையாது. முகநூல் நேரலை கண்டிப்பாகக் கிடையாது.
2. சிறப்பு விருந்தினர், பொன்னாடை, வரவேற்புரை கிடையாது.
3. எல்லாரும் சேர்ந்துதான் வாசிப்போம். தனியாக வாசிக்கச் சொல்லி யாரையும் கேட்க மாட்டோம்.
4. பிசகினால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

மலஹரி கீதத்தில் தொடங்குவோம். கிளாஸுக்குப் போன எல்லாருக்கும் அது மறந்தும் மறக்காது. பிறகு பழைய சினிமாப் பாட்டு. என் குழல் ஐந்து கட்டை. கீபோர்டில் சுருதி மாற்றுவது ஒரு பட்டன் வேலை. பாடுகிற ஆண்கள் வந்தால் ஒரு கட்டைக் குழலை எடுத்துக்கொள்கிறேன். சும்மா உட்கார்ந்து தாளம் போடவும் வரலாம்.

2021-இல் நம் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. வரி ஏறியதைப் பேசுகிற குடியிருப்போர் நலச் சங்கங்கள், வாரத்தில் ஒரு மணி நேரம் சமுதாயக் கூடத்தை இப்படி வாசிக்கிறவர்களுக்குக் கட்டணமில்லாமல் திறந்துவிடச் சொல்லி ஒரு மனுவும் கொடுக்கலாம். சங்கத்தில் இருக்கிற என் மாணவர்களே, இது உங்களுக்கு வீட்டுப்பாடம்.

தூரத்தில் இருக்கிறவர்கள் அங்கங்கே தொடங்குங்கள். இரண்டு பேர் போதும். அதற்கு முன்னால், ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணில் இருக்கிற அந்தக் கீபோர்டை இறக்குங்கள். பேட்டரியைக் கழற்றாமல் போட்டிருப்பீர்கள், அது கசிந்திருக்கும். முதலில் அதைத் துடையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், பீர்க்கன்கரணை