மரத்தின் பெயரும் எழுதியவர் பெயரும்

எழுதுபொருள் கடைகளில் இப்போது எளிதாகக் கிடைக்கும் வெள்ளை பெயிண்ட் மார்க்கரைப் பலரும் கைவினைச் சாமானாகவே பார்க்கிறார்கள். கறுப்பு அட்டையில் பூ வரையவும், கண்ணாடி பாட்டிலை அலங்கரிக்கவும், மசாலா டப்பாவில் பெயர் எழுதவும் அது வீடுகளுக்குள் வந்துவிட்டது. டயர் கடையிலும் பட்டறையிலும் அதற்கு வேறு வேலை. கறுத்த ரப்பரிலும் இரும்பிலும் தேதியும் எண்ணும் குறிக்கிறார்கள். இறுக்கிய போல்ட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டால், பின்னால் அது தளர்ந்திருக்கிறதா என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். இந்தப் பேனாவை நம் பள்ளி வளாகங்களுக்கும் கொண்டுபோக வேண்டும். அங்கு நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் மாணவர்கள் தம் கையாலேயே ஒரு பலகையில் பெயர் எழுதி வைக்க வேண்டும். எழுதியவர் பெயரும் தேதியும் அதன் அடியில் இருக்க வேண்டும். சின்ன யோசனையாகத் தோன்றலாம். ஆனால், பெயர் எழுதாமல் விட்டால் எதை இழப்போம் என்பதற்குப் புனேயின் தாபோடி சாட்சியாக இருக்கிறது.

பவனா ஆறு முளாவோடு சேரும் இடத்தை ஒட்டிய தாபோடியை இன்று மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனைக்காகவும் ராணுவப் பொறியியல் கல்லூரிக்காகவும் அறிகிறோம். 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு தாவரவியல் தோட்டம். 1827 முதல் 1830 வரை பம்பாய் ஆளுநராக இருந்த ஜான் மால்கமின் காலத்தில் அங்கிருந்த மாளிகை ஆளுநரின் மழைக்கால வசிப்பிடமானது; அதை ஒட்டித் தோட்டமும் உருவானது. 1838இல் அதன் பொறுப்பை ஏற்றவர் அலெக்சாண்டர் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். பிறகு பம்பாய் மாகாணத்தின் வனப் பாதுகாவலராகவும் ஆனவர். 1840களின் பிற்பகுதியில் அவர் ஓர் ஓவியரை அமர்த்திச் செடிகொடிகளை வரையவைத்தார். அந்த ஓவியங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை எடின்பரோவின் அரச தாவரவியல் தோட்டத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அங்கு பணியாற்றிய தாவரவியலாளர் ஹென்றி நோல்டி 2002இல் அவற்றை நூலாக வெளியிட்டார். ஆளுநரின் இருப்பிடம் கணேஷ்கிண்டுக்கு மாறிய பின் தாபோடித் தோட்டம் மறைந்துபோனது. தோட்டத்தின் நினைவு தப்பிப் பிழைத்தது அந்தத் தாள்களால்தான். ஆனால், அவற்றை வரைந்தவரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. போர்த்துகீசிய வழி வந்த இந்தியர் என்ற ஒற்றை வரிதான் அவருக்கு வரலாற்றில் மிஞ்சியது.

அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ராபர்ட் வைட் என்ற மருத்துவரும் தென்னிந்தியத் தாவரங்களை வரையவைத்தார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வெளியிட்டார். அவருக்காக வரைந்த இருவர் ரங்கையா, கோவிந்து. படங்களின் அடியில் அவர்கள் பெயர் அச்சானது. கோவிந்துவைச் சிறப்பிக்க, ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் 'கோவிந்தூயா' என்று பெயரிட்டார். அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' நூலில், செடிகளைச் சொல்லிக் கொடுத்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் பெயர் இடம்பெற்றது. படங்களில் செடியின் பெயர் லத்தீனோடு மலையாளம், அரபி, நாகரி எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டது. மூன்று இடங்களிலும் உழைப்பு ஏறக்குறைய ஒரே தரம். ஓரிடத்தில் மட்டும் உழைத்தவர் காணாமல் போனார். பெயரை எழுதிவிடுவதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். எழுதாமல் விட்டதை ஒன்றரை நூற்றாண்டு ஆராய்ச்சியாலும் மீட்க முடியவில்லை.

பெயர் எழுதுவது நமக்குப் புதிதல்ல. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்துகளில் ஆட்களின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. எழுத்து அரசவையைத் தாண்டி அன்றாடப் புழக்கத்தில் இருந்ததற்கு அறிஞர்கள் காட்டும் முக்கியமான சான்று அந்த ஓடுகள்தான். இன்றைய நிலை என்ன? சாலையோர மரங்களுக்கு நெடுஞ்சாலைத் துறை வெள்ளையடித்து எண் போடுகிறது. கணக்கெடுக்க அந்த எண் உதவும். நிழலில் நிற்பவருக்கு அது எதையும் சொல்லாது. புங்கையையும் பூவரசையும் பிரித்தறியாமலே ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியலில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட முடிகிறது. நெட்டிலிங்கத்தை அசோக மரம் என்று நாம் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறோம். சிவந்த பூங்கொத்துகள் கொண்ட உண்மையான அசோகு வேறு இனம், வேறு குடும்பம். பெயர் தெரியாத மரத்தை வெட்டும்போது எதிர்ப்பும் பொதுவாகவே எழுகிறது, 'ஒரு மரம் போச்சு' என்று. பெயர் தெரிந்தால்தான் எது போனது, ஈடாக எதை நட வேண்டும் என்று கேட்க முடியும்.

இதற்கு ஏன் குறிப்பாக வெள்ளை பெயிண்ட் மார்க்கர்? சாதாரண பெர்மனன்ட் மார்க்கரில் பெரும்பாலும் இருப்பது கரைந்த சாயம்; வெயில் பட்டால் அது விரைவில் வெளிறிவிடும், கறுப்புப் பரப்பில் தெரியவே தெரியாது. பெயிண்ட் மார்க்கரில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற நிறமி, அதைப் பரப்போடு பிடித்து வைக்கும் பிசினோடு. ஒளியைச் சிதறடிக்கும் திறன் அந்த நிறமிக்கு மிக அதிகம் என்பதால் மெல்லிய கோடும் அடியில் உள்ள கறுப்பை மறைத்துவிடுகிறது. நிறமி அடியில் தங்கிவிடும். அதனால்தான் உள்ளே ஒரு குண்டு இருக்கிறது, எழுதுமுன் குலுக்க வேண்டும். இந்த நிறமியின் மூலப்பொருளான இல்மனைட் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. எழுதுவதற்கான பலகையும் இலவசம். கடப்பாக்கல் அறுக்கும் கடைகளில் கழித்துப் போட்ட துண்டுகள், உடைந்த ஓடு, பழைய தகரம் எதுவும் போதும். தாபோடி போன்ற தக்காண ஊர்களில் கருங்கல்லுக்குப் பஞ்சமே இல்லை.

இந்த மை நஞ்சில்லையா என்ற கேள்வி நியாயமானது. எண்ணெய் வகை மார்க்கர்கள் பலவற்றில் சைலீன் போன்ற கரைப்பான் உண்டு. மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்தால் தலைவலியும் மயக்கமும் வரும். ஆகவே பிள்ளைகள் கையில் நீர் கலந்த அக்ரிலிக் வகையைத்தான் கொடுக்க வேண்டும். எண்ணெய் வகை தேவைப்பட்டால் பெரியவர்கள் திறந்த வெளியில் எழுதட்டும். வாங்கும்போது உறையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் பழக்கத்தைப் பள்ளி இந்த வழியாகவே கற்பிக்கலாம். பிளாஸ்டிக் குப்பை பெருகாதா என்றும் கேட்கலாம். ஒரு பேனா பல பலகைகளுக்கு வரும். இதற்கு மாற்றாக நாம் இப்போது பயன்படுத்தும் ஃப்ளெக்ஸ் பலகை பெரும்பாலும் பிவிசி. எந்தக் காரணத்துக்காகவும் மரத்தின் பட்டையிலேயே எழுதவோ ஆணி அடிக்கவோ கூடாது. சென்னையிலும் புனேயிலும் தன்னார்வலர்கள் மரங்களில் அறைந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வந்திருக்கிறார்கள். அவர்கள் வேலையை நாம் கூட்டிவிடக் கூடாது. பலகை மரத்தடி மண்ணில் ஊன்றி நிற்கட்டும். கோட்டைச் சுவரிலும் குகைப் பாறையிலும் இதே மார்க்கரால் கிறுக்குவோர் உண்டு. எங்கே எழுதக் கூடாது என்பதும் இந்தப் பாடத்தின் பகுதிதான்.

கியூ.ஆர். குறியீடு இருக்கும்போது கையெழுத்து எதற்கு என்பது அடுத்த மறுப்பு. குறியீட்டைப் படிக்க போன் வேண்டும், இணையம் வேண்டும், அந்தத் தகவல் ஏற்றிய தளம் உயிரோடு இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் கட்டம். பெரிய பூங்காக்களில் இரண்டும் இருக்கட்டும். பள்ளியில் கையெழுத்தே முதலில். மாணவர்கள் தவறாக எழுதிவிடுவார்களே என்பாரும் உண்டு. எழுதுவார்கள். தவறு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தால்தான் திருத்த ஆள் வரும். ஊர்ப் பெரியவரோ தாவரவியல் ஆசிரியரோ வந்து சரிசெய்யும் அந்த உரையாடல்தான் நமக்கு வேண்டியது. வெயிலிலும் மழையிலும் எழுத்து மங்கும் என்பது உண்மை. பிசின் சிதைந்து வெள்ளை சுண்ணாம்புபோல் உதிரும். அதை நான் குறையாகவே கருதவில்லை. ஆண்டுதோறும் புதிய வகுப்பு வந்து மறுபடி எழுத வேண்டியிருந்தால், ஆண்டுதோறும் ஒரு வகுப்பு அந்த மரங்களைக் கற்றுக்கொள்ளும்.

எழுதியவர் பெயர் எதற்கு, அது விளம்பர ஆசையை வளர்க்காதா என்ற தயக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அடிக்கல்லிலும் நிழற்குடையிலும் கைகூட நனையாதவர்கள் பெயர் பெரிதாக நிற்கும் நாட்டில், வேலை செய்தவர் பெயரைச் சின்னதாக எழுதுவது விளம்பரமாகாது. கைவினைக்கும் இது பொருந்தும். மகாராஷ்டிரத்து வார்லிப் பழங்குடிப் பெண்கள் காவி பூசிய மண்சுவரில் அரிசி மாவால் திருமணச் சித்திரங்களைத் தலைமுறைகளாகத் தீட்டினார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் வெளியுலகுக்குத் தெரியாது. ஜிவ்யா சோமா மாஷே என்ற வார்லி ஓவியர் தம் பெயரோடு தாளிலும் துணியிலும் வரையத் தொடங்கிய பிறகே அந்தக் கலைக்கு ஒரு முகம் கிடைத்தது. 2011இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. இன்று அதே உருவங்களை வெள்ளை மார்க்கரால் பானையிலும் தட்டிலும் தீட்டி விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் தீட்டியவர் பெயர் இல்லை. அதே பேனாவால் பானையின் அடியில் பெயரையும் ஊரையும் எழுதச் செலவு எதுவும் இல்லை. வாங்குவோரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே கோரிக்கை எளிமையானது. வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது, ஒவ்வொரு பள்ளியின் பசுமைப் படையோ சுற்றுச்சூழல் மன்றமோ இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளட்டும். பலகையில் மூன்று வரி போதும்: ஊர் வழங்கும் பெயர், அறிவியல் பெயர், எழுதிய மாணவரின் பெயரும் தேதியும். தமிழ்நாட்டில் தமிழில் எழுதுவோம். புனே போன்ற ஊர்களில் வாழும் தமிழர்கள் தமிழோடு மராத்தியிலும் எழுதட்டும், வேம்புக்குக் கடுலிம்ப் என்றும் புங்கைக்குக் கரஞ்ச் என்றும். அரசாணைக்கோ நிதி ஒதுக்கீட்டுக்கோ காத்திருக்கத் தேவையில்லை. ஒரு தலைமை ஆசிரியர் மனம் வைத்தால் ஒரே வாரத்தில் முடியும்.