சின்ன 'டி' டெமாக்ரட்

டெமாக்ரட்னு சொன்னதும் நம்ம ஐடி மக்களுக்கு அமெரிக்காதான் ஞாபகம் வரும். ஒபாமா, பைடன், கமலா ஹாரிஸ். 2020லயும் 2024லயும் மன்னார்குடி பக்கத்துல துளசேந்திரபுரத்துல பூஜையே போட்டாங்க. ஆனா அந்த வார்த்தைக்கு கட்சியைத் தாண்டி வேற ஒரு அர்த்தமும் இருக்கு மக்களே.

ஆங்கிலத்துல பெரிய 'டி' போட்டு எழுதினா அந்தக் கட்சிக்காரர். சின்ன 'டி' போட்டா மக்களாட்சியை ஆதரிக்கிற யார் வேணும்னாலும். ஒரு ரிபப்ளிகன்கூட சின்ன 'டி' டெமாக்ரட்டா இருக்கலாம். தமிழ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால கட்சிக்காரரை டெமாக்ரட்னும் மத்தவரை ஜனநாயகவாதின்னும் எழுதினா குழப்பம் தீர்ந்தது.

பிரெஞ்சுப் புரட்சி சமயத்துல அரிஸ்டோக்ராட்டுக்கு எதிர்ப்பதமா புழக்கத்துக்கு வந்த வார்த்தை இது. ஆட்டோக்ராட், பீரோக்ராட்னு மத்த 'க்ராட்' எல்லாம் அதிகாரத்தைக் கையில வெச்சிருக்கறவங்க. டெமாக்ரட் மட்டும்தான் அதிகாரம் ஊர் ஜனங்ககிட்ட இருக்கட்டும்னு சொல்ற ஆள். 1790கள்ல அமெரிக்காவுல இது ஒரு வசவு. இன்னிக்கு நிலைமை தலைகீழ். வட கொரியாகூட பேர்ல ஜனநாயகத்தை வெச்சிருக்கு. ஆக, பேரை வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

வேற எப்படிக் கண்டுபிடிக்கிறது? நம்ம தாம்பரத்தையே எடுத்துக்குவோம்.

2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செஞ்சது. அந்த மாசமே பழைய கவுன்சில்களோட காலமும் முடிஞ்சுது. தனி அதிகாரிகள் வந்தாங்க. நகராட்சிகளுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்னிக்கு. அஞ்சு வருஷத்துக்கும் மேல இடைவெளி! இதுக்கு நடுவுல, 2021 நவம்பர்ல, தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினாங்க. பத்து ஊரை ஒண்ணாக்கினப்போ அந்தப் பத்துல ஒரு ஊர்லகூட நாம ஓட்டுப் போட்டு அனுப்பின கவுன்சிலர் இல்லை. எத்தனை பேர் கேள்வி கேட்டோம்?

"கவுன்சிலர் இல்லாததே நிம்மதி சார், வீடு கட்டினா காசு கேட்டு வந்து நிப்பான்"னு படிச்சவங்க பேசறதை நிறைய கேட்டிருக்கேன். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனா காசு கேட்ட கவுன்சிலரை அடுத்த தேர்தல்ல வீட்டுக்கு அனுப்பலாம். தனி அதிகாரியை நாம அனுப்ப முடியாது. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தாத்தான் போவார். 'நல்ல ஆபீசர் ஒருத்தர் வந்தா போதும்'னு சொல்றவர் நல்ல மனுஷரா இருக்கலாம். ஜனநாயகவாதி இல்லை.

கட்சிகளும் லேசுப்பட்டதில்லை. 1996ல மேயரை மக்களே நேரடியா தேர்ந்தெடுத்தாங்க. 2006ல திமுக ஆட்சியில அது மறைமுகத் தேர்தல் ஆச்சு. 2011ல அதிமுக ஆட்சியில மறுபடி நேரடி. அதே அதிமுக ஆட்சியில 2019 நவம்பர்ல அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். அதனாலதான் 2022ல தாம்பரத்தோட முதல் மேயரைத் தேர்ந்தெடுத்தது 70 கவுன்சிலர்கள், நாம இல்லை. எது மக்களுக்கு நல்லதுங்கறதைவிட எது நமக்கு வசதிங்கற கணக்குதான் இதுல தெரியுது.

2022ல வந்த கவுன்சிலுக்கு ஆயுசு அஞ்சு வருஷம். அது முடியறதுக்குள்ள அடுத்த தேர்தல் நடத்தியாகணும்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு. 2016லயும் அதே சட்டம்தான் இருந்தது, எழுதி வெச்சதுமட்டும் போதலை. தனக்குப் பிடிக்காதவன் ஜெயிச்சிடுவான்னு தெரிஞ்சும் 'தேர்தலை நேரத்துக்கு நடத்து'ன்னு கேக்கறவர் யாரோ, என் அகராதியில அவர்தான் சின்ன 'டி' டெமாக்ரட். நம்ம ஏரியாவுல அப்படி எத்தனை பேர் இருக்கோம்னு நீங்களே எண்ணிப் பாருங்க.