வண்டிக் காவலும் சங்கத்தின் கடமையும்

முன்னாளில் நெசவாளர் இல்லத்துக்கும் சங்கத்துக்கும் இடையே பாவும் நூலும் தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் போய்வந்தன. தோட்டத்து விளைபொருள் மாட்டுவண்டியில் சந்தைக்குச் சென்றது. இன்று இவ்விரு வேலைகளையும் பெரும்பாலும் மொபெட்டும், மோட்டார் சைக்கிளும், மூன்று சக்கரச் சரக்கு வண்டியும் செய்கின்றன. ஆகவே நம் அங்கத்தினரின் வண்டி அவருடைய தொழிற்கருவிகளுள் ஒன்று. தறியும் ஏரும் எப்படியோ அப்படியே அதுவும். ஆனால் தறியைத் தூக்கிக்கொண்டு ஓட எவராலும் இயலாது. வண்டியோ இரண்டு நிமிஷத்தில் மறைந்துவிடும்.

வண்டி களவு போனால் நஷ்டம் வண்டியோடு முடிவதில்லை. கடனில் வாங்கிய வண்டியாயின் தவணை நிற்காது. பெட்டியிலிருந்த நூலும் நெய்து முடித்த புடவையும் உடன் போய்விட்டால், அவை சங்கத்தின் சொத்தாகையால் கணக்கில் அங்கத்தினர் பெயரிலேயே பற்று ஏறும். அடுத்த பாவு வாங்க வர வாகனமில்லை. ஆதலின் இதனைத் தனி மனிதரின் துரதிருஷ்டம் என்று கூறிச் சங்கம் ஒதுங்கி நிற்பது பொருந்தாது என்பதே என் கருத்து.

வண்டிக்கு அபாயச் சங்கு பொருத்திவிட்டால் கவலை தீர்ந்தது என்று பலர் கருதுகின்றனர். வண்டி அசைந்தாலோ சாய்வு மாறினாலோ உள்ளே இருக்கும் உணர்வி அதனை அறிந்து உரக்க அலறச் செய்கிறது. இது பயனுள்ள சாதனமே. ஆயினும் அதன் இயல்பை அறிந்து வாங்க வேண்டும். பக்கத் தாங்கியில் சாய்ந்து நிற்கும் மோட்டார் சைக்கிளைக் கள்வன் நிமிர்த்தியவுடன் சாய்வு மாறுகிறது, சங்கு ஒலிக்கிறது. மூன்று சக்கர வண்டிக்கோ நிமிர்த்த வேண்டிய தேவையே இல்லை. சாயாமலே அதனை உருட்டிச் செல்லலாம். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரும் அவ்வாறே. தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு விலையின்றி வழங்கும் அவ்வண்டி அவர்களுக்குக் கால்களுக்கு ஒப்பானது. ஆகவே இவ்வகை வண்டிகளுக்குச் சாய்வை மட்டும் அறியும் சாதனம் போதாது. அசைவையும் அதிர்வையும் அறிவதையே கேட்டு வாங்க வேண்டும். அதனோடு சக்கரத்தைப் பிணைக்கும் பூட்டும் தேவை.

சங்கு விழித்திருக்கவும் மின்சாரம் வேண்டும். அது 10 மில்லி ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால் ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-மணி செலவாகும். 3 ஆம்பியர்-மணி கொள்ளும் சிறு பாட்டரி, வண்டியை ஓட்டாமல் வைத்திருந்தால், பன்னிரண்டு நாட்களில் தீர்ந்துவிடும். எனவே எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று விற்பவரைக் கேட்டறிவது நலம். கம்பிகளை வெட்டி இணைப்பதால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது மற்றொன்று. சங்கு கள்வனைப் பிடிப்பதில்லை. மனிதரைக் கூப்பிடுகிறது, அவ்வளவே. லாரி போனாலும், ஆடு உரசினாலும், இடி இடித்தாலும் அலறும் சங்கை நான்காம் நாள் எவரும் பொருட்படுத்தார். புலி வருகிறது என்று பொய்க்குரல் கொடுத்த சிறுவனின் கதை யாவரும் அறிந்ததே. உணர்வியின் கூர்மையை அளவாக வைப்பது உரியவரின் கடமை. ஒலி கேட்டால் கதவைத் திறந்து பார்ப்பது அண்டை வீட்டாரின் கடமை. தெருவார் தமக்குள் இவ்வுடன்பாடு செய்துகொள்ளாதவரை எவ்வளவு விலையுயர்ந்த சங்கும் வெற்றொலியே.

இரும்பின் உதவியைச் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. ஹாண்டில் பூட்டை மட்டும் நம்புவது தவறு. பலமாகத் திருகினால் அது உடைந்துவிடும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கு டிஸ்க் பூட்டுப் பொருந்தும். நம் அங்கத்தினர் பலர் வைத்திருக்கும் டிரம் பிரேக் மொபெட்டுக்கு அது பொருந்தாது. கெட்டியான சங்கிலியே வேண்டும். சக்கரத்தை மட்டும் பூட்டினால் இருவர் வண்டியைத் தூக்கி வேறொரு வண்டியில் ஏற்றிவிடலாம். நிலையான பொருளோடு பிணைத்த வண்டியை அவ்வாறு செய்ய இயலாது.

இங்குதான் சங்கம் செய்யத்தக்க முதற் பணி இருக்கிறது. சங்க வளாகத்திலும் கொள்முதல் நிலையத்திலும் காங்கிரீட்டில் புதைத்த இரும்பு வளையங்களை வரிசையாக அமைக்கலாம். இருபது வண்டிகளுக்குத் தனித்தனியே சங்கு வாங்குவதைவிட இதற்கு ஆகும் செலவு குறைவு. காமிரா வைத்தால் போதாதோ எனச் சிலர் வினவலாம். வண்டி போன விதத்தைக் காமிரா காட்டும். போகாமல் தடுக்கும் வேலையைச் சங்கிலி செய்யும்.

காவலாளை நியமித்து, சீட்டுக் கொடுத்து, கட்டணம் வாங்கலாமே என்ற யோசனையும் உண்டு. இதில் நிர்வாகக் குழுவினர் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். வண்டியைப் பொறுப்பில் ஏற்றுக்கொண்டவர், தம் சொந்தப் பொருளுக்கு ஒரு சாதாரண விவேகி காட்டும் கவனத்தைக் காட்டியாக வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். விருந்தினர் ஒப்படைத்த கார் களவு போன வழக்கில், 2019-இல் உச்ச நீதிமன்றம் ஓட்டலையே பொறுப்பாக்கியது. ஆகவே இடம் மட்டும் தருகிறோமா, பொறுப்பும் ஏற்கிறோமா என்பதைத் தீர்மானத்தில் தெளிவாக எழுதிவிட்டுத் தொடங்குவதே முறை.

இரண்டாவது பணி ஒரு பதிவேடு. ஒவ்வோர் அங்கத்தினரின் வண்டிப் பதிவு எண், எஞ்சின் எண், சேசிஸ் எண், காப்பீடு முடியும் நாள் ஆகியவற்றை அவர் இசைவுடன் குறித்து வைத்தல் வேண்டும். களவு நேர்ந்த பதற்றத்தில் இவை பலருக்கு நினைவில் இரா. போலீஸ் நிலையத்தில் முதலில் கேட்கப்படுபவையோ இவைதாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம். மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட்டால் அது பதிவு செய்யப்படும். தாமதம் கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே எழுதிவிட வேண்டும். போலீசுக்கு உடனே தெரிவித்திருந்தால், நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில் நேர்ந்த தாமதம் ஒன்றையே காரணமாக்கி இழப்பீட்டை மறுக்கலாகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. இருப்பினும் வழக்காடிப் பெறுவதைவிட வழக்கின்றிப் பெறுவதே மேல். நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும் என்பதால், மாற்றுச் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பதும் அவசியம்.

காப்பீடு பற்றி ஒரு பெருந்தவறான எண்ணம் நிலவுகிறது. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. அதில் களவுக்கு ஒரு காசும் கிடையாது. சொந்தச் சேதத்துக்கும் களவுக்கும் சேர்த்து எடுத்தால்தான் பயன். அப்போதும் வண்டியின் வயதுக்கு ஏற்ப மதிப்புக் குறையும். மூன்றாண்டு கடந்து நான்காண்டு நிரம்பாத வண்டிக்குத் தேய்மானம் 40 சதவீதம். 60,000 ரூபாய் விலையுள்ள வண்டிக்கு 36,000 ரூபாயே மதிப்பு. கடன் பாக்கியிருந்தால் அதிலிருந்து கடன் கொடுத்தவருக்கே முதலில் போகும்.

இறுதியாக ஒன்றை அங்கத்தினருக்கு வெளிப்படையாகக் கூற வேண்டியுள்ளது. வாங்குபவர் இருப்பதால்தான் கள்வர் இருக்கின்றனர். பதிவுச் சான்றில்லாமல் சந்தையோரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் வண்டி மற்றோர் உழைப்பாளியின் வண்டியாகவே இருக்கக்கூடும். களவுப் பொருளென அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். வாங்குமுன் சேசிஸ் எண்ணைச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, உரிமை மாற்றத்தையும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வளையம் அமைத்தல், பதிவேடு வைத்தல், சங்கிலிகளையும் பூட்டுகளையும் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு வழங்குதல் ஆகிய மூன்றையும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருளாக வைக்குமாறு ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறேன். துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொது நல நிதியிலிருந்து செலவிடலாமா என்பதையும் ஆராயலாம். இதற்கெல்லாம் பெருந்தொகை தேவையில்லை. ஒருவர் வண்டியை மற்றவரும் தம் வண்டிபோல் எண்ணும் மனமே தேவை. அம்மனம் இல்லாத இடத்தில் சங்கம் என்ற பெயர்ப்பலகை இருந்தும் பயனில்லை.