வேகப் படகுக்கு டிரெய்லர்: எடைமேடை சொல்லட்டும்

அமெரிக்காவில் பெரிய வேகப் படகு வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். படகைச் சுமக்கப்போகும் டிரெய்லர் விஷயத்தில் மட்டும், படகின் நீளத்துக்கு நேராகப் பட்டியலில் எது இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வழக்கம் தவறானது, ஆபத்தானதும்கூட. டிரெய்லரைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: எரிபொருளும் சாமான்களும் ஏற்றிய படகின் உண்மையான எடை, அந்த எடை குவிந்திருக்கும் இடம். தண்ணீரில் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிப் பாயும் 38 அடி, 40 அடிப் படகுகள் தெற்குக் கலிபோர்னியாவிலிருந்து அரிசோனா எல்லையிலுள்ள ஹவாசு ஏரிக்கும், பல மாநிலங்களைக் கடந்து மிசௌரியின் ஓசார்க்ஸ் ஏரிக்கும் சாலை வழியாகத்தான் போகின்றன. அதே சாலையில் குழந்தைகளோடு காரில் போகிறவர்களின் உயிரும் இந்த டிரெய்லரின் தரத்தைச் சார்ந்திருக்கிறது.

விளம்பரத் தாளில் இருக்கும் எடை பெரும்பாலும் வெற்றுப் படகின் எடை. 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் பெட்ரோல் நிரப்பினாலே ஏறத்தாழ 550 கிலோ கூடிவிடும். பேட்டரிகள், நங்கூரம், குளிர்பெட்டி, பயணப் பைகள் எல்லாம் அதற்கு மேல். டிரெய்லரின் தகட்டில் பொறித்திருக்கும் மொத்த எடை வரம்போ டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்தது. 5,400 கிலோ என்று பொறித்த டிரெய்லர் தானே 1,100 கிலோ இருந்தால், மிஞ்சுவது 4,300. 3,900 கிலோ என்று விற்கப்பட்ட படகு டேங்க் நிரம்பியதுமே அந்த வரம்பைத் தாண்டிவிடும். சுமை கூடினால் டயர் சூடேறும், காற்றும் குறைவாக இருந்தால் வெடிக்கும். ஹவாசு பக்கம் கோடையில் வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குக் கலிபோர்னியாவில் மணிக்கு 55 மைல்தான் உச்சவரம்பு. கொலராடோ ஆற்றைக் கடந்தால் அரிசோனாவின் நெடுஞ்சாலைகளில் 75 மைல் வரை போகலாம். டிரெய்லர் டயர்களில் பல நெடுங்காலமாக 65 மைல் வேகத்துக்கென்றே செய்யப்பட்டு வந்தவை.

மொத்த எடை சரியாக இருந்தாலும், அது எங்கே அமர்ந்திருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. வண்டியின் கொக்கியில் போதிய பாரம் இறங்காவிட்டால் டிரெய்லரின் பின்பகுதி சாலையில் இடமும் வலமுமாக அலையத் தொடங்கும். வேகம் கூடக்கூட அலைச்சலும் கூடும். சாதாரண டிரெய்லர்களுக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழ வேண்டும் என்பது பரவலான அளவுகோல். படகு டிரெய்லர்களில் சற்றுக் குறைவாக வைப்பார்கள். இப்போது உள் எஞ்சின்களைக் கழற்றிவிட்டுப் படகின் பின்சுவரில் வெளி எஞ்சின்களை மாட்டுவது பரவிவருகிறது. மெர்குரி நிறுவனத்தின் 450ஆர் வெளி எஞ்சின் ஒன்று 313 கிலோ. அதே நிறுவனத்திலிருந்து 2021இல் வந்த 12 சிலிண்டர் வெராடோ 570 கிலோவுக்கு மேல். மொத்த எடை மாறாமல் இருந்தாலும், பாரம் பின்னால் நகர்ந்ததும் நேற்றுவரை சரியாக இருந்த டிரெய்லர் இன்று பொருந்தாததாகிவிடும். அச்சுகளை நகர்த்த வேண்டும், அல்லது படகை முன்னே தள்ளி உட்கார வைக்க வேண்டும்.

ஆனால் படகை நினைத்த இடத்திலெல்லாம் உட்கார வைத்துவிட முடியாது. டிரெய்லரில் படகைத் தாங்கும் நீளக் கட்டைகள் பின்சுவர் வரை எட்ட வேண்டும். எட்டாமல் கனமான பின்பகுதி அந்தரத்தில் தொங்கினால், நாளடைவில் அடிப்பலகை வளைந்துவிடக்கூடும். அப்படி வளைந்த அடிப்பாகம் வேகத்தில் மூக்கைத் தண்ணீருக்குள் அழுத்தும்; நூறு மைல் வேகத்தில் அது உயிரோடு விளையாடுவது. வேகப் படகுகளின் அடியில் குறுக்கே படிகள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் விளிம்பில் பாரம் விழாதபடி கட்டைகளை அந்தந்தப் படகுக்கென்றே அமைக்க வேண்டும். கட்டைகளுக்குப் பதிலாக வரும் உருளைகள் எடையை ஒரு புள்ளியில் குவிப்பதால் இந்த அளவுப் படகுக்கு அவை ஆகாது என்பதே என் கருத்து. இரட்டை உடல் படகுகள் பல எட்டரை அடி அகலத்தைத் தாண்டுபவை. சிறப்பு அனுமதி இல்லாமல் கொண்டுபோக, ஒருபக்கம் சாய்த்து ஏற்றும் டிரெய்லர் வேண்டும். அங்கே ஈர்ப்பு மையம் உயர்வதால் கணக்கு இன்னும் கடுமையாகிறது.

“படகு செய்த நிறுவனமே டிரெய்லரும் தருகிறதே, அவர்களுக்குத் தெரியாதா?” என்ற கேள்வி நியாயமானதுதான். படகின் அடிப்பாகத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. கட்டைகளின் அமைப்பில் அவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் வாங்கியபின் நீங்கள் சேர்க்கும் எடையை அவர்கள் அறியமாட்டார்கள். “வருஷத்துக்கு இரண்டு முறைதான் இழுக்கிறோம்” என்பது இன்னொரு வாதம். பயன்படுத்தாமல் வெயிலில் நிற்கும் டயர், தடம் தேயாமலே ரப்பர் வெடித்துப் பாழாகிறது. உப்புநீரில் இறங்கிய பிரேக் மாதக்கணக்கில் கழுவாமல் நின்றால் துருவேறி இறுகிவிடும். எப்போதாவது இழுக்கும் டிரெய்லருக்குத்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை.

“அப்படியானால் இருப்பதிலேயே பெரிய டிரெய்லரை வாங்கிவிடலாமே” என்பவர்களுக்கும் பதில் உண்டு. தேவைக்கு மிஞ்சிய டிரெய்லரின் சொந்த எடை, பிக்கப்பின் இழுவைத் திறனைத் தின்றுவிடும்; விறைப்பான ஸ்பிரிங் சாலையின் ஒவ்வொரு அதிர்வையும் படகுக்குள் அனுப்பும். உண்மையான எடைக்கு மேல் 15, 20 சதவீத இடைவெளி போதும். மிஞ்சும் பணத்தை பிரேக்கில் போடலாம். முன்வண்டி வேகம் குறைக்கையில் டிரெய்லர் முட்டித் தள்ளும் விசையால் இயங்கும் பிரேக் மலிவானது. ஆனால் தெற்குக் கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் போன்ற நெடிய இறக்கத்தில் அது விடாமல் அழுந்திச் சூடேறும். ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் மின்சாரத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கையே இந்த எடைக்கு நான் பரிந்துரைப்பேன்.

அமெரிக்க நெடுஞ்சாலைகளின் லாரி நிறுத்தங்களில் பொது எடைமேடைகள் ஏராளம். விற்பனை ரசீதோடு, டேங்க் நிரம்பிய படகை ஏற்றி எடுத்த எடைச் சீட்டையும் வாங்குகிறவர் கேட்டுப் பெற வேண்டும். டிரெய்லர் அச்சுகளின் மேல் எவ்வளவு, கொக்கியில் எவ்வளவு, இழுக்கும் வண்டியின் பின் அச்சில் எவ்வளவு என்ற மூன்று எண்கள் அதில் தெரிய வேண்டும். எஞ்சின் மாற்றித்தரும் பட்டறையும், படகைத் திருப்பி ஒப்படைக்கும்போது புதிதாக எடைபோட்ட சீட்டைச் சேர்த்தே தர வேண்டும்.