வாய்ச்சொல்லுக்கு வெள்ளி கொடுக்காதீர்!



கிள்ளான் வட்டாரத்தில் பால்மரம் நின்ற நிலங்கள் பல இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. தோட்டம் கைமாறும் போதெல்லாம், "வீட்டுரிமை வாங்கித் தருகிறேன்" என்று ஓர் ஆலோசகர் வந்து நிற்கிறார். ஆலோசகர் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். ஒப்பந்தமின்றி ஒருவரை அமர்த்தாதீர் என்பதே!

எங்கள் கிளையும் ஏமாந்ததுதான். பிரிக்பீல்ட்ஸில் அறை வைத்திருந்த ஒருவருக்கு முழுக் கூலியையும் முன்பணமாகக் கொடுத்தோம். வந்தவை இரண்டு தாள்கள். எங்கள் பத்திரங்களோ அவர் பெட்டியிலேயே தங்கிவிட்டன! செக்ரோலில் ஒரு நாள் பெயர் விடுபட்டால் சண்டைக்கு வரும் நாம், இதற்கு மட்டும் ஒரு வரி எழுதி வாங்காதது ஏன்?

"படித்த மனிதரிடம் கையெழுத்துக் கேட்பதா? மரியாதைக் குறைவல்லவா?" என்கிறார்கள் சிலர். துரையிடமே கேட்டவர்களல்லவா நாம்! 1941இல் கிள்ளான் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் எழுந்தவர்கள் கூலி உயர்வு முதல், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பது வரை கோரிக்கைகளை ஒவ்வொன்றாக வைத்தார்கள். 1954இல் பிறந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலியைக் கூட்டு ஒப்பந்தமாகவே எழுதி வாங்கியது. முதலாளிக்கு ஒரு நியாயம், ஆலோசகருக்கு ஒரு நியாயமா?

1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ச்சொல்லும் ஒப்பந்தம் ஆகலாம். ஆனால் அதை நிரூபிப்பது யார்? ஆகவே, முதல் வெள்ளிக்கு முன் இவற்றை எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

ஒன்று: வேலை எது, எந்தத் தேதிக்குள்? "உதவி செய்வார்" என்று எழுதினால் போதாது. எந்த மனு, எந்த இலாகாவுக்கு என்று இருக்கவேண்டும்.

இரண்டு: கூலி எவ்வளவு, எப்போது? பாலை எடை போட்டுக் கணக்கெழுதிய பிறகே நமக்குக் கூலி. அவருக்கு மட்டும் மரம் சீவுமுன்னா? வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுங்கள். பயணச் செலவு யாருடையது என்பதையும் எழுதுங்கள்.

மூன்று: பத்திரங்களும் பெயர்ப்பட்டியலும் நமக்கே சொந்தம். கேட்ட அன்றே திருப்பித் தரவேண்டும், வெளியே காட்டக்கூடாது.

நான்கு: நம் வேலை முடியும்வரை தோட்ட நிர்வாகத்திடமோ நிலம் வாங்குபவரிடமோ அவர் பணம் பெறக்கூடாது.

ஐந்து: பிடிக்காவிட்டால் எத்தனை நாள் அறிவிப்பில் விலக்கலாம், எவ்வளவு திரும்பும்?

எல்லாவற்றையும் தமிழிலும் எழுதி, பெரட்டில் படித்துக் காட்டுங்கள். முத்திரைத் தீர்வை கட்ட மறவாதீர். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி, தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

நேர்மையானவர் கையெழுத்துக்கு அஞ்சமாட்டார். அஞ்சுபவருக்கு நம் சந்தாப் பணத்தில் ஒரு காசும் இல்லை!