எடைக்குப் போகும் ரம்பங்கள்

வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் சாலையில் ஒரு காயலான் கடை. உடைந்த கிரைண்டர்களுக்கும் சைக்கிள் ரிம்களுக்கும் நடுவே, பெயர்த்தகடு கழன்றுபோன பழைய மரம் அறுக்கும் மிஷின் ஒன்று அங்கே கிடந்தது. செயின் இல்லை, செயின் ஓடும் நீண்ட பட்டை சற்றே வளைந்திருந்தது. விலை கேட்டேன். கடைக்காரர் தராசைப் பார்த்தார். "அலுமினியம் தனி ரேட்டு, இரும்பு தனி ரேட்டு சார். உடைச்சுத்தான் போடணும்" என்றார். (பழைய மிஷின்கள் பலவற்றின் கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. தராசுக்கு அந்த வேறுபாடெல்லாம் இல்லை.) வாங்காமல் வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மனம் கேளாமல் மீண்டும் போனபோது அது உருக்குக்குப் போயிருந்தது. இக்கட்டுரைக்கு அந்த இரண்டு வாரத் தாமதமே காரணம்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய செயின் ரம்பங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் சேர்ப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் மின்சாரத்தில் இயங்கும் செயின் ரம்பத்தைச் செய்தார். ஏறத்தாழ 50 கிலோ, தூக்க இரண்டு ஆள் வேண்டும். மறு ஆண்டே எமில் லெர்ப் துரிங்கியாவின் டோல்மார் மலையில் பெட்ரோல் மிஷினை ஓட்டிப் பார்த்து, அந்த மலையின் பெயரையே தம் மிஷினுக்குச் சூட்டினார். ஆயினும் என்னை மிகவும் கவர்ந்தவர் அமெரிக்க மரவெட்டி ஜோசப் காக்ஸ். அறுபட்ட அடிமரம் ஒன்றில் வண்டுப்புழு ஒன்று இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைக் குடைந்து செல்வதை அவர் உற்று நோக்கினார். அந்தத் தாடையின் வடிவில் அவர் செய்த செயின் 1947இல் விற்பனைக்கு வந்தது. இன்று உலகில் ஓடும் செயின்களில் பெரும்பாலானவை அந்தப் புழுவின் வழித்தோன்றல்களே. 1959இல் வந்த ஸ்டீல் கான்ட்ரா ஏறத்தாழ 12 கிலோதான். முப்பது சொச்சம் ஆண்டுகளில் இருவர் சுமை ஒருவர் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இத்தகைய மிஷினை மீண்டும் உயிர்ப்பிப்பது நம் ஊர்ப் பழைய ஸ்கூட்டர் மெக்கானிக்குகளுக்கு எட்டாத வித்தையன்று. பெரும்பாலும் விறைத்துப்போயிருப்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாஃப்ரம். அடுத்து பாயின்ட், கண்டென்சர், பிறகு பெட்ரோல் குழாய்கள். இன்று நாம் வாங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது, ஊறி உப்பிவிடும். எண்ணெய்க் கலவையிலும் கவனம் தேவை. பதினாறுக்கு ஒன்று கேட்ட மிஷினுக்கு இன்றைய வழக்கப்படி ஐம்பதுக்கு ஒன்று ஊற்றினால் பிஸ்டன் இறுகிப்போக நேரிடலாம்.

இவ்வளவும் செய்தபின் பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: பளபளவென்று பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். என் கருத்தில் அது மிஷினைப் பாதி கொன்றதற்குச் சமம். கைப்பிடியில் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, உடைந்த மூடிக்குப் பதில் எந்தத் தகரத்தை வெட்டி வைத்தார்கள், சைலன்சரை எந்தக் கம்பியால் கட்டினார்கள் என்பவை அதை ஓட்டியவனின் கையெழுத்து. அதை அழித்துவிட்டுத் தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்ததுபோல் நிறுத்தினால், அதற்குப் படம் போட்ட விலைப்பட்டியலே போதுமே! மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் அரிய மாடலா, எல்லா உறுப்பும் அசலா, இஞ்சினில் அழுத்தம் இருக்கிறதா என்று பார்த்து மதிப்பிடுகிறார்கள். அவர்கள் சந்தைக்கு அது சரி. நம் மலையில் ஒரு மிஷினின் மதிப்பு அது எந்தக் காட்டில், எந்த மரத்தை, யார் கையிலிருந்து அறுத்தது என்பதில்தான் இருக்கிறது. அந்த விவரம் போய்விட்டால் எஞ்சுவது கடைக்காரர் சொன்ன ரேட்டுதான்.

"காட்டை அழித்த கருவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடச் சொல்கிறாயா?" என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம். ஆனால் பழனி மலையின் கதை அவர் நினைப்பதுபோல் நேர்க்கோட்டில் இல்லை. இங்கே பெரிய சேதத்தை விளைவித்தது வெட்டியதைவிட நட்டதுதான். சோலைகளுக்கு இடையே பரந்திருந்த புல்வெளிகளை வெறும் தரிசென்று கருதி, தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில், கூழ்மரத்துக்காக யூகலிப்டஸ், பைன் என்று நட்டார்கள். சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு லாரி லாரியாக மரம் இறங்கியது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் இம்மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகச் சொல்கிறது. ஆகவே புல்வெளியை மீட்க விரும்புகிறவர்களுக்கு இன்று அதே ரம்பம் தேவைப்படுகிறது. அதோடும் முடியவில்லை. வட்டக்கானலில் வாழ்ந்து சோலை நாற்றுகளை வளர்த்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும், பழைய தோட்டமரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வருவதைச் சுட்டிக்காட்டினார்கள். அங்கே மிஷினைக் கொண்டுபோனால் மறுபடியும் அழிவு. எங்கே அறுப்பது, எங்கே அறுக்காமல் விடுவது என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. அந்த வழக்கின் முக்கிய சாட்சியைத்தான் நாம் கிலோக் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு சாட்சியும் போய்க்கொண்டிருக்கிறது. செயினைச் சட்டென்று நிறுத்தும் பிரேக்கும் அதிர்வைத் தாங்கும் கைப்பிடியும் பரவலாவதற்கு முந்தைய மிஷின்களை நாளெல்லாம் பிடித்தவர்களுக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போவது உலகெங்கும் பதிவான நோய். அத்தகைய மிஷினைச் செப்பனிட்டவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவது நல்லது. விறகு அறுக்கக் கிளம்ப வேண்டாம். ஆனால் அந்த ஒரு நிமிடம் கையில் ஏறும் நடுக்கத்தை எந்தப் புகைப்படமும் சொல்லாது.

கொடைக்கானலுக்குப் பாதுகாக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களைப் பத்திரப்படுத்தி, இன்று கணினியில் ஏற்றியும் வைத்திருக்கிறார்கள். செண்பகனூரில் 1895இல் இயேசு சபையினர் தொடங்கிய அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகளும் பளியர் புழங்குபொருட்களும் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கோடாலி, இருவர் நின்று இழுக்கும் ஒரு வாள், பெயின்ட் அடிக்காத ஒரு மிஷின், அவற்றைப் பிடித்தவர் சொன்ன நான்கு வரிகள் – இவ்வளவுக்கு ஒரு சுவரின் ஓரம் போதும்.

கடைக்காரரிடம் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறேன். எடை ரேட்டுக்கு மேல் இருநூறு ரூபாய் தருவதாகப் பேச்சு. "உடைக்காமலா வேணும்?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.